சீட்டுக் கிழிஞ்ச மருமவனுக்கு மாமன் சொன்னது

ஒனக்குச் சோலி போன விசயம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? மருமவனே, தேரூர்க் குளத்துக்கு வருசா வருசம் வந்துபோற நாரைக்குக்கூடத் தெரியும். ஒரு மாசமா லேப்டாப்பைத் தொறந்து வச்சு, காதுல கருப்பா ஒண்ணை மாட்டிக்கிட்டு, வீட்டுல இருந்தே வேலைன்னு என் தங்கச்சியை ஏமாத்திக்கிட்டு இருக்கே. காலம்பற பத்து மணிக்குத் துண்டைத் தோளுல போட்டுக் குளத்துக்குக் குளிக்கப் போறவனுக்கு எந்தக் கம்பெனி சம்பளம் தரும்? அந்தக் குளத்துக்காவது 2022-ல ராம்சர் அங்கீகாரம் கெடச்சுது. அங்கண நீந்துக பறவைக்கு உலக அளவுல பாதுகாப்பு உண்டு. ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லல்லா?

செரி, மொகத்தைத் தூக்காதே. சீட்டுக் கிழிஞ்சதுக்கு நான் சிரிக்கல. கிழிஞ்ச சீட்டை மடியில ஒளிச்சுக்கிட்டு நடக்கியே, அதுக்காக்கும் சிரிக்கேன்.

நீ நூறு வருசம் பிந்திப் பொறந்துட்டே, அது ஒண்ணுதான் ஒன் பேருல உள்ள குத்தம். நம்ம நாஞ்சில் நாட்டு வெள்ளாளக் குடும்பத்துல மருமக்கவழி இருந்த காலத்துல மாமன் சொத்து மருமவனுக்கு. நீ பயோடேட்டா எழுத வேண்டாம், இண்டர்வியூவுக்குப் போக வேண்டாம். கெழவன் எப்போ கண்ணை மூடுவான்னு திண்ணையில இருந்து பாத்துக்கிட்டு இருந்தாப் போதும். நம்ம தேரூர்க் கவிமணி இருக்காரே, அவரு அந்த ஏற்பாட்டைப் பிரிச்சு மேஞ்சு ‘மருமக்கள்வழி மான்மியம்’னு ஒண்ணு எழுதினாரு. 1926-ல சட்டம் வந்து சொத்தை மக்க பக்கமாத் திருப்பிவிட்டுது. இப்போ எனக்குன்னு மிச்சம் இருக்கது இந்தத் திண்ணையும் என் வாயும். திண்ணை என் மவனுக்கு எழுதியாச்சு. வாயை ஒனக்குத் தாறேன், வாங்கிக்கோ.

சோலியை விட்டுத் தள்ளுறது நம்ம சீமைக்குப் புதுசுன்னா நெனச்சே? 1799-ல திருவிதாங்கூர் அரமனையில ஜெயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன்னு மூணு பேரு வச்சதுதான் சட்டம். தலக்குளத்து வேலுத்தம்பி ஆளைத் திரட்டிக்கிட்டுப் போயி, இவனுகளை எறக்குன்னு நின்னாரு. நம்பூதிரியை நாட்டை விட்டே அனுப்பியாச்சு. மத்த ரெண்டு பேருக்கும் காதை அறுத்தாச்சு. நோட்டீஸ் பீரியட் கெடையாது, எக்சிட் இண்டர்வியூ கெடையாது. ஒனக்கு ஒரு பிள்ளை வீடியோவுல வந்து, இது எங்களுக்கும் கஷ்டமான முடிவாக்கும்னு கண்ணைக் கசக்கி, ரெண்டு மாசச் சம்பளமும் தந்து அனுப்பியிருக்கா. தடவிப் பாரு, ரெண்டு காதும் வச்ச எடத்துல இருக்கு.

அதுக்கும் முந்தி ஒருத்தன் இருந்தான். உதயகிரிக் கோட்டைக்குப் போயிருப்பே. யாருகூடப் போனேன்னு நான் கேக்கல. உள்ள இடிஞ்ச கிறிஸ்தவக் கோயில்ல ஒரு கல்லறை உண்டு, பாத்தியா? லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதி வச்சிருக்கும். டிலனாய்னு ஒரு டச்சுக் கம்பெனிக்காரன். 1741-ல கொளச்சல் சண்டையில மார்த்தாண்ட வர்மா படைகிட்டத் தோத்துப் பிடிபட்டான். தோத்தவனுக்குக் கம்பெனி என்ன சர்டிபிகேட்டு கொடுக்கும்? ராசா சர்டிபிகேட்டு கேக்கல. பீரங்கி, கோட்டை, படைப் பயிற்சி, இந்த மூணுலயும் இவனுக்குக் கைப்பழக்கம் உண்டு, நம்ம பக்கத்துல அதுக்கு ஆளு இல்ல. அவ்வளவுதான் கணக்கு. தோக்கடிச்சவன்கிட்டயே சோலிக்குச் சேந்து, வலிய கப்பித்தான்னு பேரு எடுத்து, முப்பது வருசத்துக்கு மேல இருந்து 1777-ல இங்கேயே மண்ணாப் போனான். நீயானா ஒன் பழைய கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனியில ஆளு எடுக்கான்னு தெரிஞ்சும், அங்கண போனா எவன் என்ன நெனப்பானோன்னு ஒரு மாசமா யோசிக்கே.

ஒன் வயசுல உள்ளவனுக்கு ராசா கதை வேண்டாம், சர்க்கார் கதை சொல்லுகேன். மக்கள் நலப் பணியாளர்னு ஒரு சோலி இருந்துது, கேட்டிருக்கியா? 1989-ல கலைஞர் ஆட்சியில, பத்தாங்கிளாஸ் படிச்சுச் சும்மா நின்ன பிள்ளைகளைப் பிடிச்சு, பஞ்சாயத்துக்கு ரெண்டு பேருன்னு போட்டாவ. தமிழ்நாடு முழுக்க 25,000 பேருக்கு மேல. 1991-ல ஆட்சி மாறிச்சு, ஜெயலலிதா வந்தாவ, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. 1996-ல ஆட்சி மாறிச்சு, 1997-ல திரும்பக் கூப்பிட்டாவ. 2001-ல ஆட்சி மாறிச்சு, வெளிய. 2006-ல ஆட்சி மாறிச்சு, உள்ள. 2011-ல ஆட்சி மாறிச்சு, அந்த நவம்பர்லயே வெளிய. தேர்தல் ரிசல்ட்டு வாற அன்னைக்கு நாமெல்லாம் யாரு செயிச்சான்னு பாப்போம், அவிய எனக்குச் சோறு உண்டுமான்னு பாப்பாவ. பிறகு கோர்ட்டு, ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு. 2022-ல, மாசம் 7,500 ரூவாய்க்கு நூறுநாள் வேலைத் திட்டத்துல ஒருங்கிணைப்பாளர்னு எடுத்துக்கிட்டாவ. இருவத்திரெண்டு வயசுல மொதல்ல சேந்தவனுக்கு அப்போ அம்பத்தஞ்சு வயசு. மூணு தடவை தள்ளினதுக்கும் நாலு தடவை எடுத்ததுக்கும் அவன் செஞ்ச குத்தம் ஒண்ணும் கெடையாது, செஞ்ச சாதனையும் ஒண்ணும் கெடையாது. இதுல ஒருத்தன் வெக்கப்பட்டுத் தலையில துண்டு போட்டுப் போனதை நான் பாக்கல. அவிய ஊர்வலம் போனாவ, உண்ணாவிரதம் இருந்தாவ, வாசல்ல நின்னு கேட்டாவ.

2003 ஜூலை ஓர்மை இருக்கா? நீ சின்னப் பையன். சர்க்கார் ஊழியரும் வாத்தியாருமா வேலை நிறுத்தம் பண்ணினதுக்கு, ஒண்ணே முக்கால் லச்சம் பேரு பக்கம் ஒரே மூச்சுல டிஸ்மிஸ். நாகர்கோவில்ல வீட்டுக்கு வீடு ஒரு டிஸ்மிஸ் வாத்தியாரு. யாரு யாருக்கு ஆறுதல் சொல்ல? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனா, வேலை நிறுத்தம் அடிப்படை உரிமையே இல்லன்னு தீர்ப்பு. மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானவங்க உள்ள போனாவ. மறு வருசம் பார்லிமெண்டுத் தேர்தல்ல ஆளுங்கட்சி ஒரு சீட்டுகூட இல்லாமத் தோத்த பிறகு மிச்சம் இருந்தவங்களுக்கும் கதவு தொறந்துது. எங்க தெருவுல ஒரு கணக்கு வாத்தியாரு, மன்னிப்புக் கடிதம் எழுதின பேனாவை ரொம்ப நாளு சட்டைப் பையில வச்சிருந்தாரு. எதுக்குன்னு கேட்டா, மை தீரலன்னு சொன்னாரு.

இப்போ ஒன் கதைக்கு வாறேன். இதெல்லாம் கேட்டு நெஞ்சை நிமித்தாதே. அவியளை மொத்தமாத் தள்ளினாவ. உன்னை?

கம்பெனியில ஆளைக் கொறச்சான், மாமான்னு சொல்லுகே. நம்புகேன். 2025 ஜூலையில டி.சி.எஸ்.காரனே நூத்துக்கு ரெண்டு பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல, எடுக்கப்போறேன்னு சொன்னான். அவனே அப்படின்னா மத்தவன் சும்மா இருப்பானா? ஆனா ஒன் குழுவுல அறுபது பேரு இருந்தாவ, பதினெட்டு பேரைத்தான் எடுத்தான்னு நீயே உங்க அம்மைகிட்ட வேற யாரு கதையோ மாதிரி சொல்லியிருக்கே. அந்தப் பதினெட்டுல நீ எப்படி மருமவனே வந்தே? கப்பலு முங்கினா எலி, ஆளு எல்லாம் சேந்து முங்கணும். பாதிக்கு மேல பேரு கரையில நின்னு கையாட்டுகான்னா, கப்பலு முங்கல, உன்னைத் தூக்கிப் போட்டிருக்கான்.

சொல்லாண்டாம், எனக்குத் தெரியும். ஆபீஸ் வாட்ஸாப் குரூப்புல மேனேஜரைப் பத்தி ஏதோ நக்கலா போட்டிருக்கே. அது அவன் இல்லாத குரூப்புன்னு நெனச்சு, இருக்க குரூப்புல போட்டிருக்கே. பிறகு ரேட்டிங் கொறஞ்சுது, பிறகு பட்டியல் வந்துது. நாஞ்சில் நாட்டு நாக்கு, நான் குத்தம் சொல்லல. எனக்கும் அதே நாக்குதான். ஆனா எனக்கு மேல ஆபீசர் கெடையாது, என் சம்பளத்தை யாரும் கொறைக்க முடியாது. அது பூஜ்யத்துல நிக்கு.

கேட்டியா, இது ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கோ. கம்பெனி ஆளைக் கொறச்சது உண்மை. அதுல ஒன் பேரு வந்ததுக்கு நீ செஞ்சதும் ஒரு காரணம்ங்கது உண்மை. மொதல் உண்மையைப் புது முதலாளிகிட்டச் சொல்லு. ரெண்டாவதை ஒன்கிட்டச் சொல்லு. மாத்திச் சொல்லித்தான் நெறையப் பேரு கெடுகான். முதலாளிகிட்டப் போயி மேனேஜரு கதையை அளப்பான், ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு பொருளாதார மந்தம்னு பேசுவான்.

எங்க, சொல்லிக் காட்டு. நான்தான் எச்.ஆர். முண்டாசை எடுத்துட்டேன், இப்போ ஆபீசர் களை வந்தாச்சா? ஏன் தம்பி பழைய எடத்தை விட்டீங்க?

வளர்ச்சிக்கான புதிய வாய்ப்பைத் தேடியா? வெளங்கும். மாசச் சம்பளம் வந்துக்கிட்டு இருந்தவன், கைல ஒரு சோலியும் இல்லாம, ஒரு மாசம் முந்தியே வேலையை விட்டுட்டு வளர்ச்சியைத் தேடினான்னு சொன்னா, கேக்கவன் தலையில வெண்ணெயா வச்சிருக்கான்? அடுத்து என்ன சொல்லுவே? அந்த மேனேஜருக்கு ஒண்ணும் தெரியாது, சாதி பாப்பான், ஜால்ரா போடுகவனுக்குத்தான் எடம்னு சொல்லுவே. அது அம்புட்டும் உண்மையா இருக்கட்டும். நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே எதுத்தாப்புல இருக்கவன் அந்த மேனேஜர் பேரை அழிச்சுட்டுத் தன் பேரை எழுதிப் பாத்துக்கிட்டு இருப்பான். எந்திரிச்சு வந்துருவே, கூப்பிடுறோம்னு சொல்லுவான். இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான்.

சளிக்கு உங்க அம்மை வச்சுத் தாற கசாயத்தை எப்படிக் குடிப்பே? ஒரே மடக்கு, பிறகு ஒரு துண்டு கருப்பட்டி. அந்தக் கணக்குல சொல்லு. “ஆளைக் கொறச்சாங்க, எங்க குழுவுல பதினெட்டு பேரை எடுத்தாங்க, அதுல நானும் ஒருத்தன். கடைசி நாளு இன்ன தேதி.” முடிஞ்சுது. மூச்சு விடாதே, ஒடனே கருப்பட்டி: அங்கண ஏழு வருசத்துல நான் என்ன கட்டினேன், எதை நிமித்தினேன், இங்கண அது எதுக்கு ஒதவும். இதைப் பேசும்போது ஒனக்குக் குரல் தானா மேல ஏறும், நான் பாத்திருக்கேன். சோலி போனதைப் பேசும்போது ஒடஞ்ச பம்ப்செட்டாட்டம் இழுக்கே. சவம், அதை விடு.

குத்தம் ஒன்மேலதான் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு, குடைஞ்சு கேட்டா? அப்பவும் ஒரே மடக்குதான். எழுதக்கூடாத எடத்துல எழுதினேன், அதுல இருந்து அப்படி எழுதுறதில்லன்னு சொல்லு. கூடவே நாலு பக்கம் மனவேதனையை இறக்காதே. ஒருத்தன் தப்பை ஒத்துக்கிட்டதும் கேக்கவனுக்கு மனசு எளகும். அதோட நிறுத்தினாத்தான். ஒப்புக்கிட்டே போனா, இவன்கிட்ட இன்னும் எவ்வளவு இருக்கோன்னு பயந்துருவான்.

தேதியில பொய் சொல்லலாம்னு ஒரு கூட்டுக்காரன் சொல்லித் தந்திருப்பான், இன்னும் அங்கதான் வேலை பாக்கேன்னு போடுடேன்னு. அந்தப் படிப்பெல்லாம் பி.எஃப். கணக்குக்கு முன்னால நிக்காது. 2014-ல இருந்து ஒருத்தனுக்கு ஒரே நம்பர். எந்தக் கம்பெனி எந்த மாசம் வரைக்கும் பணம் கட்டினான்னு அதுல வரிசையாக் கெடக்கும். சேத்துக்கிட்டு மூணு மாசம் கழிச்சுக்கூட நோண்டிப் பாப்பான். அப்போ தள்ளினான்னா அதுக்கு ஆட்குறைப்புன்னு பேரு வராது.

அடுத்தது கொஞ்சம் எரிச்சலான சங்கதி. நீ ராஜினாமா எழுதிக் கொடுத்தியா, இல்ல அவன் தள்ளினானா?

எழுதிக் கொடுத்தியா! அப்போ கேளு. 1947-லயே தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டம்னு ஒண்ணு உண்டு. அதுல 41-ம் பிரிவு: ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்தவனை, நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம, அல்லது நோட்டீஸுக்குப் பதிலாச் சம்பளமும் இல்லாம அனுப்பக்கூடாது. தப்பு பண்ணினான்னு சொல்லி அனுப்பணும்னா விசாரணை வச்சு, சாட்சியம் எழுதி, பிறகு அனுப்பணும். தள்ளப்பட்டவன் அப்பீல் போகலாம். பெரிய நிர்வாகப் பதவியில இருந்தவனுக்கு இது கெடையாது, ஒனக்கு அந்தப் பெருமை இல்லல்லா, அதனால ஒனக்குப் பொருந்தும். ஆனா நீ என்ன செஞ்சே? அவன் இனிமையாக் கேட்டான், ஒங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கும்னு சொன்னான், நீ சொந்த விருப்பத்துல போறேன்னு எழுதிக் கொடுத்தே. இனி நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா ஒன் கையெழுத்தையே ஒனக்குக் காட்டுவான். மெரட்டி வாங்கினான்னு நிரூபிக்கது ஒன் தலைப்பாடு.

அதுக்காக நீ செஞ்சது முழு மடத்தனம்னு சொல்ல மாட்டேன். வழக்குக்கு வருசக்கணக்கா பொறுமை உண்டு, வயித்துக்கு இல்ல. சுத்தமான ரிலீவிங் லெட்டரைக் கைல வச்சுக்கிட்டு அடுத்த எடம் பாக்கதும் ஒரு வழிதான். ஆனா விலையைத் தெரிஞ்சுக்கிட்டு வித்தியா, தெரியாம வித்தியா? வடசேரிச் சந்தையில ஒரு கொலை ஏத்தங்காய்க்கு அரை மணிக்கூறு பேரம் பேசுகவன், ஏழு வருசத்தை ஒரு கையெழுத்துல கொடுத்துட்டு வந்துருக்கே.

ஏழு வருசம்னு சொன்னதும் ஓர்மை வந்துது. பணிக்கொடை வந்துதா? முழிக்கே பாரு. அஞ்சு வருசம் தொடர்ந்து இருந்தவனுக்கு, வருசத்துக்குப் பதினஞ்சு நாளுச் சம்பளக் கணக்குல தந்தாகணும். ராஜினாமா பண்ணினவனுக்கும் உண்டு. 1972-லயே வந்த உரிமை, நீ பொறக்கதுக்கு முந்தி. நாளைக்கே எழுதிக் கேளு. அதுல ஒனக்கு வெக்கம் எதுக்கு? அவன் ஒன்னை அனுப்பும்போது லேப்டாப்பு, அடையாள அட்டை, தண்ணி குடிச்ச பாட்டிலு வரைக்கும் எண்ணி வாங்கினானே, வெக்கப்பட்டானா?

வந்த பணத்துல பைக்கு வாங்காதே. பி.எஃப்.-ஐ எடுத்துக் கடை போடுன்னு சொல்லுக கூட்டுக்காரனைக் கிட்ட அண்டாதே. நாகர்கோவில்ல வேலை போனவன் எல்லாம் மொதல்ல போடுகது சாயாக்கடை, பிறகு ஜூஸ்கடை, பிறகு கடை வாடகைக்குன்னு போர்டு.

கோணத்துல வேலைவாய்ப்பு ஆபீஸ் உண்டு, அங்கண போயிப் பதிவைப் புதுப்பிச்சியா? மூணு வருசத்துக்கு ஒருக்கப் புதுப்பிக்கணும். சர்க்கார் உதவித்தொகையும் தரும். பட்டதாரிக்கு மாசம் 600 ரூவா. அவசரப்படாதே, பதிஞ்சு அஞ்சு வருசம் சோலி கெடைக்காம இருந்தாத்தான். வயசு நாப்பதுக்குள்ள இருக்கணும், வீட்டு வருமானம் வருசத்துக்கு 72,000-க்கு மேல போகக்கூடாது. ஒனக்கு முப்பத்திரெண்டு. இன்னைக்கு ஆரம்பிச்சு ஒழுங்கா ஒண்ணும் செய்யாம இருந்தேன்னா முப்பத்தேழுல வாங்கத் தொடங்கலாம். சிரிக்கே. ஆனா சிரிச்சுக்கிட்டே போயிட்டு வா. தனியார் கம்பெனிக்காரன் ஆளு எடுக்க முகாம் நடத்துகான், காசு பணம் வாங்கது இல்ல. பத்து பேரு முன்னால உக்காந்து ஒன் கசாயத்தைக் குடிச்சுக் காட்டிப் பழகிக்கலாம். ஓசியில ஒத்திகை வேற எங்கண கெடைக்கும்?

காசு வாங்குகவனைப் பத்திச் சொல்லணும். போன்ல ஒருத்தன் வந்திருப்பானே, தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை, சம்பளம் டாலர்ல, டிக்கெட்டு நாங்களே போடுகோம்னு? போனவனைத் தாய்லாந்துல எறக்கி, எல்லை தாண்டி மியான்மர்லயும் கம்போடியாவுலயும் கொண்டு அடைச்சு, ஊரை ஏமாத்துக சோலிக்கு வச்சான். 2022 அக்டோபர்ல அப்படி மாட்டின 13 தமிழ்ப் பிள்ளைகளை மியான்மர்ல இருந்து மீட்டுக் கொண்டு வந்தாவ. அவனுக ஒருத்தனும் முட்டாள் இல்ல மருமவனே, ஒன்னாட்டம் படிச்சவன், ஒன்னாட்டம் வீட்டுல சொல்ல வெக்கப்பட்டவனும் அதுல இருந்திருப்பான். வெளிநாட்டுக்குன்னா ஏஜென்டு மத்திய சர்க்கார்ல பதிஞ்சவனான்னு இ-மைக்ரேட்டு சைட்டுல பாரு. பதிஞ்சவன் வாங்கக்கூடிய கூலி 30,000 ரூவாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான். லச்சத்துல பேசுகவன் வேலை தரல, ஒன்னை விக்கான்.

வெக்கம்னு சொன்னேனே. உங்க அம்மைக்கு நீ வந்த மறுநாளே தெரியும். நீ லேப்டாப்பைத் தொறந்துக்கிட்டு உக்காந்தா, மீட்டிங்ல இருக்கான்னு அடுத்த வீட்டுக்காரியை வாசல்லயே நிறுத்தி அனுப்புகா. ஒனக்காக அவ பொய் சொல்லுகா, அவளுக்காக நீ பொய் சொல்லுகே. ரெண்டு பேருமாச் சேந்து கரண்ட் பில்லை ஏத்துகியோ.

ஒழுகினசேரிக் கலைவாணரை எடுத்துக்கோ. லட்சுமிகாந்தன் கொலை வழக்குல 1944 கடைசியில பிடிச்சு உள்ள போட்டான். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போயி, 1947-ல குத்தம் இல்லன்னு வெளிய வந்தாரு. நடுவுல ரெண்டு வருசத்துக்கு மேல ஒரு சோலியும் இல்ல. நீங்க இப்போ கேப்பு கேப்புன்னு பயப்படுகேளே, அந்தக் கேப்பு. வந்த வருசமே ‘பைத்தியக்காரன்’ படத்துல நடிச்சாரு. எப்படி? அவரு உள்ள இருந்தப்போ பொஞ்சாதி மதுரமும் சகஸ்ரநாமமும் கூட்டாளிகளும் நாடகக் கொட்டகையைப் பூட்டல, வெளக்கை அணைய விடல. அவரு இருந்தப்போ அவங்களுக்குச் செஞ்சது திரும்பி வந்துது. இப்போ ஒன் போனை எடு. ஏழு வருசத்துல ஒன்கூட இருந்துட்டு வேற எடத்துக்குப் போனவன் எத்தனை பேரு இருப்பான்? அவன்ல எத்தனை பேருகிட்ட இந்த ஒரு மாசத்துல பேசினே? ராத்திரி ஒரு மணி வரைக்கும் முன்னப்பின்ன தெரியாத கம்பெனிக்கு எல்லாம் பயோடேட்டா அனுப்புகே, தெரிஞ்சவன் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கே. ஆளு எடுக்கணும்னு வரும்போது ஒருத்தன் மொதல்ல பாக்கது பக்கத்துல இருக்கவன் மூஞ்சியத்தான். எவனாவது தெரியுமாடேன்னு கேப்பான். அந்த நேரத்துல ஒன் பேரு அவன் வாயில வரணும்னா, ஒனக்குச் சோலி இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?

வெள்ளிக்கிழமை ராத்திரி வடசேரியில காய் வெட்டு. மறுநாள் கல்யாணம், சொக்காரன் வீடு, தப்பிச்சுக்க முடியாது. நாப்பது அம்பது பேரு வருவான். இப்போ என்ன பண்ணுகேன்னு கேக்காதவன் ஒருத்தன் இருக்க மாட்டான். நீ அதுக்குப் பயந்து வராம இருக்கலாம்னு பாக்கே, நான் அதுக்காகத்தான் வரச் சொல்லுகேன். அங்கண வாறவன்ல ஒருத்தன் டெக்னோபார்க்குல நல்ல நெலையில இருக்கான். ஒருத்தன் ஆரல்வாய்மொழிக் காத்தாடிக் கம்பெனியில கணக்கு வழக்கைக் கம்ப்யூட்டருக்கு மாத்த ஆளு தேடுகான், சம்பளம் ஒன் பழைய சம்பளத்துல பாதிதான், ஆனா கேட்டுப் பாக்கதுக்குக் காசா பணமா? ஒருத்தன் தோவாளையில பூ ஏத்துமதி பண்ணுகான், அவனுக்கு என்ன வேணும்னு அவனுக்கே தெரியாது. அந்த மாதிரி ஆளுகிட்டப் பேச்சுக் கொடு, நீ செய்யத் தெரிஞ்சதைச் சொல்லு, தனக்கு அதுதான் வேணும்னு அவனே கண்டுபிடிப்பான். கேக்க ஒவ்வொருத்தனுக்கும் அந்த ஒரே மடக்கு. நாப்பது தடவை சொன்னா, திங்கக்கிழமை எச்.ஆர். கேக்கும்போது நாக்குத் தானா ஓடும்.

ஒரு மாமன் வருவாரு, கறுப்புக் கண்ணாடி, கையில மோதிரம். அப்பவே சொன்னேனே சர்க்கார் சோலிக்குப் படின்னு, அப்படின்னு ஆரம்பிப்பாரு. அவருகிட்ட மட்டும் வாயைத் தொறக்காதே. தலையை ஆட்டு, சாயா எடுத்துக் கொடு. அவரு மக்கள் நலப் பணியாளருக்கு எதிரா ஒரு காலத்துல பேசினவரு, அவரை நான் பாத்துக்கிடுகேன்.

தடியங்காய் நறுக்கத் தெரியுமா? தெரியாட்டா தேங்காய் திருவு. கை சும்மா இருக்கவன்கிட்ட ஒருத்தனும் உக்காந்து பேச மாட்டான். போனைப் பாத்துக்கிட்டு மூலையில ஒளிஞ்சேன்னா, எரிசேரிக்குக் காய் வெட்டுக நடுக்கூடத்துல நின்னு நானே சத்தமாச் சொல்லுவேன், என் மருமவனுக்குச் சோலி போச்சு, எவனாவது ஆளு எடுக்கியளான்னு. செய்ய மாட்டேன்னு நெனைக்காதே. ஒங்க அம்மைக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் நான் இப்படித்தான் கூவினேன்.